மண்ணுக்குத் தைத்த கோட்டு

"வெளியில குளிரு. உள்ளயும் குளிருதான். நடுவுல தாள் மாதிரி ஒரு பிளாஸ்டிக். அது என்னத்தம்மா செஞ்சிடப் போகுது?"

இந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இத்தனைக்கும் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதிவிட்டு, பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டு வந்திருந்தேன். கேட்டவர் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். யார் எதைச் சொன்னாலும் "நிறுத்து, நிறுத்து" என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் அவருக்குப் பிரேக் என்று பெயர். அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். கோபப்பட மாட்டார். "பிரேக் இல்லாத வண்டில ஏறுவியா நீ?" என்று மட்டும் கேட்பார்.

கேள்வி என்னிடம் கேட்கப்பட்டாலும் அது போய்ச் சேர வேண்டிய இடம் என் அத்தை. அப்பாவின் அக்கா. அவளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அத்தை தையல்காரி. புதுத் துணி தைக்க வருகிறவர்கள் குறைவு. பழுது பார்ப்பதும் மாற்றித் தைப்பதும்தான் அவளுடைய வேலை. நீளமான பேண்டைக் குறைப்பாள், இடுப்பைப் பிடிப்பாள், பல் போன ஜிப்பை மாற்றுவாள், நைந்த கோட்டுக்கு உள்துணி போடுவாள். கடை ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. நடைபாதையிலிருந்து படி இறங்கிப் போக வேண்டும். கூரையை ஒட்டி ஒரு முழ உயரத்துக்கு ஜன்னல். அதில் தெரிவது தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும். கடைக்குப் பின்னால் ஒரு அறை, அதில் கட்டிலும் அடுப்பும். அங்கேதான் அத்தை குடியிருக்கிறாள்.

அவளுக்கு வாடிக்கையாளர்களைச் செருப்பை வைத்துத்தான் தெரியும். "அந்தப் பழுப்பு ஷூ வருது. பம்பரம், அவரோட பேண்ட எடுத்து இஸ்திரிப் பெட்டி பக்கத்துல போடு. இப்பதான் முடிச்ச மாதிரி இருக்கட்டும்" என்பாள். பம்பரம் என்பது நான். ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்பதால் வந்த பெயர்.

அத்தைக்கு முழு மனிதர்கள் தெரிகிற இடம் ஒன்றுதான். ஊரின் ஓரத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒரு சங்கம் தோட்டப் பாத்திகளை வாடகைக்குக் கொடுக்கிறது. நடுவில் சாம்பல் கொட்டிய பாதை, எல்லாருக்கும் ஒரே குழாய், ஓரத்தில் உயரமான சுவர். அங்கே அத்தைக்கு ஒரு பாத்தி உண்டு. வாரத்தில் பாதி நாள் கடையை மதியத்தோடு சாத்திவிட்டு அங்கே போவாள். வெயில் நன்றாக விழும் பாத்தி. பக்கத்துப் பாத்தி பிரேக்குடையது. அதன் மேல் பாதி நாள் சுவர் நிழல் விழும். பாத்தியை மாற்றித் தரச் சொல்லி அவர் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

போன கோடையின் தொடக்கத்தில் அத்தை கடைப் படியில் வழுக்கி விழுந்தாள். கைநிறையக் கோட்டு. விழும்போதும் அவற்றை விடவில்லை. நாங்கள் ஓடிப்போய்த் தூக்கியபோது அவள் சொன்ன முதல் வார்த்தை, "கோட்டுக்கு ஒன்னும் ஆகல." மணிக்கட்டுக்குத்தான் ஆகியிருந்தது. கோடை முழுக்க மாவுக்கட்டு. பாத்தியில் களை இடுப்பு உயரத்துக்கு எழுந்தது.

சங்கத்தின் செயலாளர் மருந்துக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுவார். அவர் கடைக்கே வந்து, ஊசிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்:

"கை உடைஞ்சது தெரியும். வருத்தமாத்தான் இருக்கு. ஆனா விதின்னா எல்லாருக்கும் ஒன்னுதான். ஒரு வருஷம் முழுக்க ஒன்னும் விளையாத பாத்தி அடுத்த ஆளுக்குப் போகும். குளிர் முடிஞ்சதும் கூட்டம். அன்னைக்குச் சுத்தி வருவேன். ஏதாவது விளைஞ்சிட்டு இருக்கணும். நாளைக்குப் போடப்போற விதை, நட்டு வச்ச குச்சி, இதெல்லாம் சேராது."

"அடுத்த ஆள் யாரும்மா?" என்று அத்தை கேட்டாள்.

"உங்க பக்கத்துப் பாத்திக்காரர்தான்."

அன்று சாயங்காலமே பிரேக் வந்தார். வாசலிலேயே நின்று சொன்னார். "மறைச்சுப் பேச எனக்கு வராது, டெய்லரம்மா. உங்க பாத்தி எனக்கு வேணும். உங்க கை நல்லாகணும்னும் நெனைக்கிறேன். ரெண்டும் உண்மை."

"சரிண்ணே. உட்காருங்க, காப்பி குடிங்க" என்றாள் அத்தை. அவர் போன பிறகு நெடுநேரம் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு கால் போயிற்று, இன்னொரு கால் வந்தது. பிறகு திரும்பி, "கோடையைத்தானே விட்டோம்? குளிர்காலம் இன்னும் முழுசா இருக்குல்ல?" என்றாள்.

எங்கள் ஊர்க் குளிரில் மண்ணின் மேல்பகுதி கல்லாகிவிடும். குழாய் உறைந்து வெடிக்கும். அதில் என்ன விளையும்? நான் தேடிப் படித்தேன். நீளமான குழாய்களை வில் மாதிரி வளைத்து நட்டு, மேலே பிளாஸ்டிக் போர்த்தி, உள்ளே கீரை வளர்க்கிறார்கள் என்று தெரிந்தது. பசுமைக் குடில் என்று அதற்குப் பெயர். சொன்னதும் அத்தை வெட்டுமேசையைக் காலி செய்தாள். நாலு கம்பி ஹேங்கரை வளைத்து ஒரு நுரைப்பஞ்சுக் கட்டையில் குத்தினாள். சட்டை வைத்துக் கொடுக்கிற கண்ணாடிப் பையை அதன் மேல் போர்த்தினாள். குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. எனக்கே குடி போகணும் போல இருக்கு" என்றாள்.

என் அப்பா குழாய் வேலை செய்கிறவர். மேசை மேல் இருந்ததைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவர், நிறுத்த வெகுநேரமாயிற்று.

"அக்கா, அது தண்ணி போற பைப்பு. வளைச்சு நட்டா அது சும்மா இருக்காது. வாய்ப்பு கிடைச்சா மூஞ்சியில அறையும்."

"நீ சின்ன வயசுல அப்படித்தான்டா இருந்த. உன்னை வளைக்கலையா நான்?"

அப்பா பேசாமல் குழாய் கொண்டுவந்தார்.

மாவுக்கட்டைப் பிரித்த கை இன்னும் சுத்தியல் பிடிக்கிற நிலையில் இல்லை. அதனால் இரும்புக் கம்பிகளைப் பாத்தியின் இரண்டு பக்கமும் எதிரெதிராக அடித்து இறக்கியது நான். ஒவ்வொரு கம்பியும் முழங்கால் உயரத்துக்கு மேலே நிற்க வேண்டும். குழாயின் ஒரு முனையை ஒரு கம்பியில் செருகி, மறுமுனையை வளைத்துக் கொண்டுபோய் எதிர்க் கம்பியில் செருக வேண்டும். முதல் குழாயை அப்பா வளைத்தார். பாதியில் அவர் கையிலிருந்து நழுவி, விசுக்கென்று நிமிர்ந்து, அவர் தலைத் தொப்பியைத் தூக்கிப் பிரேக்கின் பாத்தியில் போட்டது. பிரேக் அதை எடுத்துத் தட்டி, "நிறுத்து, நிறுத்து. இன்னும் கட்டவே இல்ல, அதுக்குள்ள பார்சல் அனுப்புறீங்களா?" என்றார்.

சாயங்காலத்துக்குள் எல்லா வளைவுகளும் நின்றுவிட்டன. உச்சியில் நீளவாக்கில் ஒரு குழாயை வைத்து, சைக்கிள் டியூபை வார் வாராக வெட்டிக் கட்டினோம். தள்ளி நின்று பார்த்தால் ஒரு பெரிய மீனின் முள் மாதிரி இருந்தது. அத்தை மட்டும் உள்ளே நடந்து நடந்து, விரலால் ஒவ்வொரு மூட்டையும் தடவினாள். கம்பி முனை, திருகாணித் தலை, குழாயின் வெட்டு விளிம்பு, எங்கெல்லாம் கூர்மையாக இருந்ததோ அங்கெல்லாம் கடையிலிருந்து கொண்டுவந்த வெட்டுத் துணியைச் சுற்றினாள். "உள்பக்கம் உறுத்தினா மேல்பக்கம் கிழியும். சட்டையோ குடிசையோ, அது மாறாது" என்றாள்.

இதுவரை எல்லாம் சரி. பிளாஸ்டிக்கில்தான் வந்தது வினை.

வெயில் தாங்குகிற ஷீட் உருளையாக வந்தது. அகலம் எங்கள் குடிலின் முழு நீளத்துக்குப் போதவில்லை. குறுக்காக இரண்டு துண்டு போட்டால்தான் மூடும். ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி போட்டுக் கவ்வி வைக்க வேண்டும் என்று நான் படித்திருந்தேன். சொல்லியும் பார்த்தேன்.

அத்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஏன்டி, நான் என்ன தொழில் பண்றேன்? ரெண்டு துண்டைச் சேர்க்கத் தெரியாமலா இவ்வளவு வருஷம் கடை நடத்துறேன்?"

"அத்தை, அது துணி இல்ல."

"துணி இல்லைன்னா என்ன, விளிம்பு இருக்குல்ல?"

தைத்தாள். பிளாஸ்டிக், மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கிற பாதத்தில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. அடியிலும் மேலேயும் பழைய செய்தித்தாளை வைத்துத் தைத்து, பிறகு தாளைக் கிழித்தெடுத்தாள். கடை முழுக்க ஷீட். நான் ஒரு மூலையில் அதை மடித்து மடித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு வரி போதாதென்று பக்கத்தில் இன்னொரு வரியும் ஓட்டினாள். நெருக்கமான, நேரான, பார்க்க அழகான தையல். கையால் இழுத்துக் காட்டி, "இனி யானை இழுத்தாலும் வராது" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

காற்றில்லாத ஒரு மதியத்தில், நல்ல வெயிலில் போர்த்தினோம். வெயிலில் பிளாஸ்டிக் கொஞ்சம் இளகி நீளும், அப்போது இழுத்துக் கட்டினால் குளிரில் சுருங்கி விறைப்பாக நிற்கும் என்று அப்பா சொன்னார். இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டி, விளிம்பை உள்ளே விட்டு, மண்ணைப் போட்டு மிதித்தோம். விரலால் தட்டினால் பறை மாதிரி சத்தம் வந்தது. உடுப்பு போட்டுப் பார்க்கிற வாடிக்கையாளரைச் சுற்றி வருவது போல அத்தை குடிலைச் சுற்றி வந்தாள். சுருக்கம் தெரிந்த இடத்தில் நின்று, "இங்க கொஞ்சம் பிடிக்கணும்" என்றாள். உள்ளே கீரையும் முள்ளங்கியும் வெங்காயமும் விதைத்தோம். முளை வந்தது.

பிறகு மழை. உள்ளே போய்ப் பார்த்தால், தையல் போன வழியிலேயே, கயிறு பிடித்தது போல ஒரே நேர்க்கோட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிரேக் எட்டிப் பார்த்தார்.

"ஓ, சொட்டு நீர்ப் பாசனமும் இருக்கா? சொல்லவே இல்லையே."

அத்தை அண்ணாந்து தையலை விரலால் தடவினாள். அடுத்த நாள் மெழுகுவத்தியை எடுத்துத் தையல் முழுக்கத் தேய்த்தாள்.

அதற்கு அடுத்த வாரம் காற்று வீசியது. நாங்கள் கடையில் இருந்தோம். ஜன்னலில் கால்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நடந்தன. போன் அடித்தது. பிரேக்.

"டெய்லரம்மா, உங்க கூரை என் முள்ளங்கி மேல வந்து படுத்திருக்கு. பறக்காம இருக்க நான் அது மேல உட்கார்ந்திருக்கேன். சீக்கிரம் வாங்க, காத்து என்னையும் சேத்துத் தூக்கப் பாக்குது."

ஓடினோம். சொன்னபடியே அவர் ஷீட்டின் மேல் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தையல் போட்ட வழியே ஷீட் இரண்டாகப் பிரிந்திருந்தது. தபால்தலைத் தாளைக் கிழித்தால் வருமே, அப்படிப் பல் பல்லாக ஒரு விளிம்பு. நூல் ஒரு இடத்தில்கூட அறவில்லை. முளைகள் பாதி சாய்ந்து கிடந்தன. அத்தை அந்த விளிம்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மெதுவாக மடித்து வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்து, பிரேக்கும் கேலி பேசவில்லை. ஆனால் மூன்று பேருக்கும் தெரிந்தது: குளிர் நெருங்கிவிட்டது, இனி விதைத்தால் முளைக்க நாள் கொஞ்சம்தான், அந்தப் பாத்தி அவருக்குப் போகப் போகிறது.

மறுநாள் காலை ஒருவர் மழைக்கோட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். "தோள்பட்டையில ஒழுகுது."

அத்தை தலை நிமிராமலேயே, பழகிய குரலில் ஆரம்பித்தாள். "தையல் இருந்தா ஒழுகத்தாங்க செய்யும். ஒவ்வொரு ஊசிக் குத்தும் ஒரு ஓட்டை. நூலு எவ்வளவு கெட்டியா இருந்தாலும் அந்த ஓட்டை வழியாத்தான்…"

நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தாள். நான் வாயைக் கையால் மூடிக்கொண்டேன். அவள்தான் முதலில் சிரித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. அந்த மனிதர் தன் கோட்டில் என்ன வேடிக்கை என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், பம்பரம்! ஊர்ல உள்ள மழைக்கோட்டுக்கெல்லாம் சொன்னேன். எனக்கு மட்டும் சொல்லிக்கல."

"ரெண்டு வரி வேற போட்டீங்க."

"ஆமா, ரெண்டு வரி. ஒன்னு கிழியறதுக்கு, ஒன்னு அதுக்குத் துணைக்கு."

மதியமே கடையைச் சாத்தினாள். இந்த முறை நான் படித்ததை அவள் கேட்டாள். அவள் தெரிந்து வைத்திருந்ததை நானும் கேட்டேன். பல் பல்லான விளிம்பை நேராக வெட்டி எறிந்தோம். ஒரு துண்டின் மேல் இன்னொன்று நன்றாக ஏறி நிற்கும்படி போட்டோம். முன்பு இரண்டு துண்டும் சேர்ந்த இடம் இரண்டு வளைவுக்கு நடுவில், அந்தரத்தில் இருந்தது. இப்போது அதைச் சரியாக ஒரு வளைவின் மேல் கொண்டுவந்தோம். வளைவில் முதலில் துணிப்பட்டை சுற்றினாள் அத்தை. அப்பா கொஞ்சம் பெரிய குழாயைச் சாண் சாணாக வெட்டி, நீளவாக்கில் பிளந்து கொடுத்தார். அந்தத் துண்டுகளை ஷீட்டின் மேல் வைத்து அழுத்தினால், டக்கென்று வளைவுக் குழாயைக் கவ்விக்கொண்டன. ஓர் ஊசிக் குத்துகூட இல்லை.

வெட்டி எறிந்ததிலும் ஏற்றிப் போட்டதிலும் ஒரு பக்கம் ஷீட் குறைந்துபோயிற்று. வாசல் பக்கம் திறந்து கிடந்தது. அத்தை கடைப் பரணிலிருந்து, யாரோ கொடுத்துவிட்டு வாங்க வராத ஒரு பழைய கூடாரத்தை எடுத்தாள். அதன் வாசல் துணியை ஜிப்போடு வெட்டி, விளிம்பை இரண்டு மரச்சட்டத்துக்கு நடுவில் வைத்து இறுக்கினாள். குடிலுக்கு ஜிப் வைத்த கதவு வந்துவிட்டது.

பிரேக் அதை மேலும் கீழுமாக இழுத்துப் பார்த்தார். "நிறுத்து, நிறுத்து. வீட்டுக்கு ஜிப் வச்ச ஆளை நான் இப்பதான் பாக்குறேன். உள்ள போனதும் மறக்காம மூடுங்க, மானம் போயிடும்."

மறுபடி விதைத்தோம். பழைய முளைகளில் தப்பியவற்றை நிமிர்த்தி மண் அணைத்தோம். அப்போதுதான் குளிர் வந்தது. அப்போதுதான் பிரேக் என்னிடம், ஆரம்பத்தில் சொன்னேனே, அந்தக் கேள்வியையும் கேட்டார்.

நானும் அதை அப்படியே விடவில்லை. அவர் சொன்னது உண்மையா என்று பார்க்க நான் வீட்டுச் சுவரில் தொங்கிய வெப்பமானியைக் கழற்றிக்கொண்டு போனேன். விடிந்ததும் குடிலுக்கு வெளியே ஒரு முறை, உள்ளே ஒரு முறை. இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பகலில் உள்ளே வியர்த்தது. விடிகாலையில் எல்லாம் போயிருந்தது. எனக்குத் தூக்கமே போயிற்று. பகல் முழுக்கச் சேர்ந்த சூடு எங்கே போகிறது? ஒன்றும் மிச்சமில்லை என்றால் கீரை ஏன் இன்னும் சாகவில்லை?

மறுநாள் விடியும் முன்பே கடைக்கு வந்து அத்தையிடம் முறையிட்டேன். அவள் ஒரு கனமான கோட்டின் உள்துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"கோட்டுக்குச் சூடு இருக்கா?" என்று கேட்டாள்.

"போட்டா சூடா இருக்கும்."

"அந்த ஹேங்கர்ல தொங்குதே, அதுக்குள்ள கைய விட்டுப் பாரு."

விட்டேன். சில்லென்று இருந்தது.

"சூடு ஆளோடது. கோட்டு அதை வெளிய விடாது, காத்தை உள்ள விடாது. அவ்வளவுதான் அது செய்யற வேலை."

"அப்ப நம்ம கோட்டுக்குள்ள ஆள் யாரு?"

அத்தைக்குத் தெரியவில்லை. உதட்டைப் பிதுக்கினாள். என்னால் உட்காரவே முடியவில்லை. எழுந்து பாத்திக்கு ஓடினேன். அதுவரை வெப்பமானியை ஆணியில் தொங்கவிட்டே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அதைக் கழற்றி, கீரை வரிசைக்கு நடுவில் விரலளவு ஆழத்தில் மண்ணுக்குள் புதைத்தேன். வெளியே வந்து அதே மாதிரி பாதையோரத்தில் புதைக்கப் பார்த்தேன். மண் இடம் கொடுக்கவில்லை. கல்.

உள்ளே மண் உறையவில்லை. மேலே இருந்த காற்றைவிட மண் வெதுவெதுப்பாக இருந்தது. பகலில் வந்த சூட்டை அதுதான் வாங்கி வைத்துக்கொண்டு, இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கிறது. கோட்டுக்குள் இருக்கிற ஆள் மண்தான்.

நான் போனில் கத்தினேன். மறுமுனையில் மெஷின் சத்தம் நின்றது. "அப்படின்னா கோட்டு ரொம்ப தொளதொளன்னு இருக்கு" என்றாள் அத்தை. "ஆள் தரையில படுத்திருக்கான், துணி தலைக்கு மேல அவ்வளவு உயரத்துல இருக்கு. நடுவுல இருக்கிற இடத்தையெல்லாம் அவன் எப்படிச் சூடாக்குவான்? லைனிங் போடணும்."

சட்டைக் காலருக்குள் வைக்கிற மெல்லிய வெள்ளைத் துணி ஒன்று இருக்கிறது. நெய்தது இல்லை, பஞ்சை அழுத்திச் செய்தது. கடையில் அதைப் பேப்பர் கேன்வாஸ் என்பார்கள். வெளிச்சம் போகும், காற்றும் கொஞ்சம் போகும். அதை எடுத்துக்கொண்டு வந்து, குடிலுக்குள்ளேயே முழங்கால் உயரத்துக்குச் சின்னக் கம்பி வளைவுகள் வைத்து, கீரையின் மேல் போர்த்தினோம். காலையில் எடுப்பது, சாயங்காலம் போர்த்துவது. அடுத்த விடியலில் வெள்ளைத் துணிக்கு அடியில் வெப்பமானி நன்றாகவே ஏறியிருந்தது. பிரேக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு முறை பார்த்தார்.

"கோட்டுக்குள்ள ஒரு பனியனா?" என்றார். பிறகு மெதுவாக, "இந்தத் துணி உங்க கடையில நெறைய இருக்கா?" என்று கேட்டார்.

நடுக்குளிரில் ஒன்றுமே வளரவில்லை. செத்ததும் இல்லை, வளர்ந்ததும் இல்லை. வந்த இலை வந்தபடி நின்றது. வெளிச்சம் குறைந்த நாட்களில் செடிகள் அப்படித்தான் சும்மா இருக்கும் என்று படித்திருந்தேன். படித்தது தெரிந்தும் பயம் போகவில்லை. அத்தை ஜிப்பைத் திறந்து, குனிந்து, "என்ன, இன்னைக்காவது உத்தேசம் உண்டா?" என்று கீரையைக் கேட்பாள். கடையில் உட்கார்ந்தால் ஜன்னலைப் பார்ப்பாள். பாத்தி போய்விட்டால் தெரிவதெல்லாம் அந்தக் கால்கள்தான் என்று அவள் வாயால் சொன்னதில்லை. அந்த மாதத்தில் அவள் தைத்த ஓரங்கள் இரண்டு முறை கோணலாக வந்தன. அவள் மனசு புரிய எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பகல் நீள ஆரம்பித்ததும் ஒரே வாரத்தில் எல்லாம் மாறியது. கீரை அகலமாக விரிந்தது. வெங்காயத்தாள் நிமிர்ந்தது. முள்ளங்கி மண்ணை விலக்கிக்கொண்டு தோள் காட்டியது. வெளியே மற்ற பாத்திகள் இன்னும் வெறும் மண்கட்டி.

கூட்ட நாள் வந்தது. செயலாளரம்மா எல்லாப் பாத்தியையும் சுற்றிவிட்டு எங்களிடம் வந்தார். பின்னால் பிரேக், இன்னும் நாலைந்து பாத்திக்காரர்கள். அத்தை ஜிப்பைத் திறந்தாள். செயலாளரம்மா உள்ளே நுழைந்ததும் கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்துவிட்டது. ஒன்றும் தெரியாமல் நின்றார். அத்தை ஒரு கீரை இலையைக் கிள்ளி அவர் கையில் வைத்தாள். அவர் தொட்டுப் பார்த்தார், முகர்ந்தார், மென்றும் பார்த்தார்.

"விளைஞ்சிருக்கு. சந்தேகமே இல்ல" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டியதும் அண்ணாந்து பார்த்தார். "ஆனா ஒன்னு கேக்கணும். பாத்தியில நிரந்தரமா எதுவும் கட்டக் கூடாதுன்னு விதி இருக்கு. கம்பி நட்டிருக்கீங்க. கூரை போட்டிருக்கீங்க. கதவும் இருக்கு. இது கட்டடம் இல்லையா?"

இப்படி ஒரு விதி இருக்கும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

"கட்டடமா?" என்றாள் அத்தை. "அம்மா, இதுல ஜிப் இருக்கு, லைனிங் இருக்கு, மடிப்பு இருக்கு. எனக்குத் தெரிஞ்சு இது கோட்டு. மண்ணுக்குப் போட்டிருக்கேன். வெயில் வந்ததும் கழட்டிடுவேன்."

"கழட்டலாம்னு நீங்க சொல்றீங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

பின்னால் நின்ற பிரேக் ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்திருந்தால் போதும். அந்தப் பாத்தி அவருக்கு வந்திருக்கும். நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவர் நிழலில் கிடந்த தன் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றார். "நான் சாட்சி சொல்றேன். நிரந்தரமாவது ஒன்னாவது! ஒரு காத்துதான் அடிச்சது. இந்தக் கூரை கழண்டு பறந்து வந்து என் முள்ளங்கி மேல படுத்துக்கிச்சு. அரை நாள் அது மேல உட்கார்ந்தவன் நான். இதைவிட நல்லா கழண்டு வர்ற கட்டடம் உலகத்துலயே கிடையாதும்மா."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். செயலாளரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்ப சரி. கோட்டுன்னே வச்சுக்கலாம்" என்று சொல்லி வெளியே போனார்.

அத்தை பிரேக்கைப் பார்த்து, "ஏண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

"பொய்யா சொல்லச் சொல்றீங்க? பறந்துச்சுல்ல?" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் அளவு எப்ப எடுக்கப் போறீங்க? நிழல்ல கிடக்கிற மண்ணுக்குத்தான் குளிரு அதிகம்" என்றார்.

அத்தை கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்தாள். அந்த இடத்திலேயே, அந்த ஈரத்திலேயே, ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு அவருடைய பாத்தியை அளக்க ஆரம்பித்தாள். வரும் குளிருக்கு அவருக்கும் ஒன்று கட்டுகிறோம். கம்பி அடிப்பது நான்தான்.

பள்ளிக்கூடம் முடித்துவிட்டு இந்தப் பெண் என்ன செய்யப் போகிறாள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். தெரியவில்லை. மண்ணுக்குள் வெப்பமானியைப் புதைத்த அன்று இருந்த மாதிரி இருக்க வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். கையோ காலோ உடைந்து, அல்லது வேறு எதனாலோ, ஒரு கோடையைத் தவறவிட்டு உட்கார்ந்திருக்கிற யாராவது உங்களுக்குத் தெரிந்திருப்பார்கள். அவர்களிடம் என் அத்தையின் கதையைச் சொல்லுங்கள். குழாயை வளைக்கும்போது தொப்பியைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் தையல்காரராக இருந்தால், பிளாஸ்டிக்கைத் தைக்க வேண்டாம் என்பதை இரண்டு தடவை சொல்லுங்கள். முதல் தடவை கேட்க மாட்டார்கள்.